எழுதாத கணக்கு அழுதாலும் தீராது!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "கணினியும் எதிர்காலமும்" என்று நாலு பக்கம் எழுதித் தந்திருக்கலாம். ஆனால் என் மனசில் உறுத்திக்கொண்டிருப்பது எங்க வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு விஷயம். அதில் எங்க அம்மாவுக்கு ஆயிரம் பீடிக் கூலி போயிற்று. காரணம், கணினி படிக்கிற நான்!

ராயகிரியில் எங்க அம்மா பீடி சுற்றுகிறாள். கடையில் இலையும் தூளும் எடை போட்டு வாங்கி வரவேண்டும். சுற்றிய பீடியை 25 ஒரு கட்டாகக் கட்டி ஒப்படைக்க வேண்டும். 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லாத பீடியைக் கழித்துவிடுவார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்தே நோட்டுப் போட்டு அவள் கணக்கை எழுதுகிறவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆளும் நான்தான். பக்கத்து வீட்டு அக்காமார், அத்தைமார் ஆறு பேர் கணக்கும் என்னிடமே வந்து சேர்ந்தது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அந்த நோட்டைக் கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். வாங்கிய இலை எவ்வளவு, தூள் எவ்வளவு, கொடுத்த பீடி எத்தனை, கழித்தது எத்தனை என்று நான்கு பத்தி. சனிக்கிழமை ராத்திரி அதுவே கூட்டிக் காட்டும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கணக்கு இடித்தால் அந்தக் கட்டம் சிவப்பாகும். "ஏட்டி, போனு கணக்கு சொல்லுதாமே!" என்று தெருவே வந்து பார்த்தது. பெருமையில் தலை கால் புரியவில்லை எனக்கு.

அங்கேதான் சனியன் பிடித்தது. "ஷீட்டெல்லாம் ஒரு சாப்ட்வேரா? முறையா வெப் அப்ளிகேஷனாப் பண்ணு" என்றார்கள் வகுப்புத் தோழர்கள். பண்ணலாம், எந்தப் பிரேம்வொர்க்கில்? ஒருத்தன் ரியாக்ட் என்றான். ஒருத்தி லாராவெல் என்றாள். சீனியர் அண்ணன் ஒருவர் ஜாங்கோ என்றார். ஒவ்வொன்றுக்கும் வீடியோ பார்த்தேன். ஒவ்வொன்றையும் இன்ஸ்டால் செய்து அழித்தேன். இரண்டு மாதம் ஓடிப் போயிற்று. "எல்லாம் புது சாப்ட்வேரில் மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம்" என்று ஷீட்டையும் விட்டேன், நோட்டையும் விட்டேன்.

எங்க ஐயா கொத்தனார் வேலைக்குப் போகிறவர். ஒரு ராத்திரி என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாரம் கட்டுறதுக்கே ரெண்டு மாசமா? சுவரு எங்க தாயி?"

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரமே வினை வந்தது. ஐயாயிரம் கொடுத்தேன் என்கிறாள் அம்மா. நாலாயிரம்தான் என்கிறது கடை நோட்டு. "உங்க நோட்டைக் கொண்டாங்க" என்றார்கள். எங்கள் நோட்டில் இரண்டு மாதம் வெள்ளைத் தாள்! அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நண்பர்களே! அதற்குப் பிறகு ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. இந்தப் பிரேம்வொர்க்குகள் எல்லாம் எப்படிப் பிறந்தன? தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது.

1994ல் ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியச் சில சிறு நிரல்கள் எழுதினார். அதுவே பி.எச்.பி. ஆயிற்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர்ச் செய்தித்தாள் அலுவலகத்தில், செய்தி அச்சேறும் அவசரத்துக்கு ஈடுகொடுக்க 2003ல் இருவர் எழுதத் தொடங்கியது ஜாங்கோ. 2005ல் அதை ஊருக்கெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பேஸ்கேம்ப் என்ற வேலைக் கணக்கு மென்பொருளை எழுதும்போது அதிலிருந்து பிரித்தெடுத்தது ரூபி ஆன் ரெயில்ஸ், ஆண்டு 2004. நம் நாட்டிலேயே, மும்பையில் ரஷப் மேத்தா என்பவர் படித்தது தொழில்துறைப் பொறியியல். தம் குடும்பத்து மரச்சாமான் தொழிலின் கணக்குத் தொல்லையிலிருந்து அவர் வளர்த்தெடுத்ததுதான் இ.ஆர்.பி. நெக்ஸ்ட். அதற்கு அடித்தளமாக எழுதிய பிராப்பே பிரேம்வொர்க் இன்று பல நாடுகளில் ஓடுகிறது.

பார்த்தீர்களா? நாலு பேருக்கும் முன்னால் முதலில் இருந்தது ஒரு வேலை. வேலையைச் செய்து செய்துதான் சாரம் உருவாயிற்று. நாமோ சாரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு சுவரை மறந்துவிடுகிறோம்!

"அப்படியானால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானா?" என்று கேட்பீர்கள். இல்லை. தனி ஆளாக நிரல் எழுதுகிறவர் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, எனக்குச் செமஸ்டர் பரீட்சை வந்தால் ஒரு மாதம் யாரும் தொடாமல் இது ஓடுமா? இரண்டாவது, நான் வேலைக்கு வெளியூர் போய்விட்டால் தெருவில் அடுத்து படிக்கிற பிள்ளை இதைப் படித்துப் புரிந்துகொள்ளுமா? மூன்றாவது, என்றைக்கு வேண்டுமானாலும் கணக்கு முழுவதையும் வெளியே எடுத்து ஒரு தாளில் அச்சடித்து அம்மா கையில் கொடுக்க முடியுமா?

இந்த மூன்று கேள்விக்கும் தேறியதால் நான் ஜாங்கோவை எடுத்தேன். பதிவு செய்யும் படிவம், கடவுச்சொல் எல்லாம் அதில் தயாராகவே கிடைக்கிறது. கணக்கைச் சேமிக்க எஸ்.க்யூ.லைட். அது முழுத் தரவுத்தளத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆட்கள், இலை-தூள் வரவு, பீடி ஒப்படைப்பு என்று மூன்றே அட்டவணை. இரண்டு மாதம் ஓடாத வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஏனென்றால் அட்டவணை என் நோட்டில் பல வருஷமாகவே இருந்தது! நோட்டையும் நிறுத்தவில்லை. அன்றன்றைக்கு நோட்டு, ராத்திரி கணினி.

"வேலைக்குப் போனால் புதுசு புதுசாய்த்தானே கேட்பான்?" என்ற நியாயமும் எனக்குத் தெரியும். தென்காசி பக்கத்து மத்தளம்பாறையில் 2011ல் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு, சென்னைக்குப் போகாமலே மென்பொருள் வேலை பார்க்கலாம் என்ற ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. புதியதைக் கற்போம், கற்காமல் இருக்க முடியாது. ஆனால் "என்னென்ன தெரியும்?" என்று கேட்பவரிடம் பத்துப் பெயர் ஒப்பிப்பதைவிட, "ஏழு பேர் கூலிக் கணக்கு என் நிரலில் ஓடுகிறது" என்று சொல்வதற்கு எடை அதிகம் என்று நம்புகிறேன்.

கடைசியாக நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் இறுதியாண்டு பிராஜெக்ட் செய்கிறோம். வைவா முடிந்ததும் அது அலமாரிக்குள் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு நோட்டைத் தேடுவோம். பால் ஊற்றுகிறவர் நோட்டு, மகளிர் குழு நோட்டு, எலுமிச்சை கமிஷன் கடை நோட்டு என்று எத்தனை இல்லை? அதைக் கணினியில் ஏற்றுவோம். படிப்பு முடிந்து போகும்போது ஜூனியர் கையில் ஒப்படைப்போம். அந்தப் பட்டியலை மன்றம் பராமரிக்கட்டும்.

போன ஆயிரம் பீடிக் கூலி போனதுதான். அது திரும்பி வராது. ஆனால் இப்போது சனிக்கிழமைதோறும் அம்மா கடைக்குக் கிளம்பும்போது ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கிறேன். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நாலாய் மடித்து முந்தியில் முடிந்துகொண்டு போகிறாள். கடையில் தாளை நீட்டிக் கேட்கிறாள். கணக்கு ஒத்துப் போகிறது.

சிந்திப்பீர் நண்பர்களே! சாரம் எதுவானால் என்ன... சுவர் எழும்பட்டும்!

— மூன்றாம் ஆண்டு கணினித்துறை மாணவி, ராயகிரி