சட்டை வீசும் யந்திரம்

அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடி ஒரு ரோபோ யந்திரம் செய்கிறார்கள். டீ-ஷர்ட்டைச் சுருட்டிக் குழாயில் வைத்தால், அது காற்றழுத்தத்தால் கூட்டத்திற்குள் வீசிவிடும். டீன் காமன் என்பவர் 1989-ல் ஸ்தாபித்த 'ஃபர்ஸ்ட்' என்னும் ஸ்தாபனம் 1992 முதல் ரோபோப் பந்தயம் நடத்தி வருகிறது. அதில் சேரும் பிள்ளைகளுக்குப் பந்தயமில்லாத மாதங்களில் இது பிரியமான வேலை. வேலை துவக்குமுன் படத்தைப் பிறரிடம் காட்டி, "இதில் என்ன குற்றம்?" என்று கேட்கிறார்களே, அந்தப் புத்தியைத்தான் நாம் பெரிதும் மெச்சுகிறோம்.

ஆனால் கேட்கப்பட்டவர்கள் செய்வதென்ன? சிலர் "பேஷ்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் "நான் சொல்லுகிறேன், மாற்று" என்கிறார்கள். முன்னது முகஸ்துதி, பின்னது அதிகாரம். இரண்டிலும் காரணமில்லை. காரணமில்லாத வார்த்தையால் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்று கேட்கிறோம்.

காற்றுத் தொட்டியை எடுத்துக் கொள்ளுவோம். விலை மலிவு, அறுப்பது சுலபம் என்று அதைப் பி.வி.சி. குழாயில் செய்ய நினைப்பவர்கள் உண்டு. அபாயமல்லவா என்றால், "இருபது முறை சுட்டோம், ஒன்றும் ஆகவில்லையே!" என்கிறார்கள். தோழர்களே, இது அறிவா, நம்பிக்கையா? "தாயத்துக் கட்டினேன், ஜுரம் வரவில்லை" என்பவனும் இதே நியாயத்தைத்தானே பேசுகிறான்!

தண்ணீர் அழுத்தத்தில் சுருங்குவது சொற்பம். அந்தக் குழாய் உடைந்தால் பெரும்பாலும் ஒழுகுவதோடு போகும். காற்றோ வில்லைப்போல் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சக்தியில் பி.வி.சி. உடையும்போது கண்ணாடிபோல் சில்லுச் சில்லாய்ச் சிதறிப் பாய்கிறது. இதனால்தான் அமெரிக்க சர்க்காரின் தொழிற் பாதுகாப்பு இலாகா, தரைக்குமேல் அக்குழாயில் அழுத்திய காற்றைக் கொண்டுபோவதுபற்றி 1988-லேயே எச்சரித்தது. ஆகவே, காற்றுக்கென்றே செய்து, தாங்கும் அளவு குறித்து விற்கும் தொட்டியே வேண்டும். பந்தய விதியிலும் தொட்டிக் காற்றுக்குச் சதுர அங்குலத்திற்கு 120 பவுண்டு, வேலை செய்யும் காற்றுக்கு 60 பவுண்டு என்று எல்லை கட்டியிருக்கிறார்கள்.

இன்னும் கேட்க வேண்டியவை உண்டு. பேட்டரிக் கம்பி அறுந்தால் வால்வு மூடிக்கொள்ளுமா, திறந்துகொள்ளுமா? அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து காற்றை வெளிவிடும் வால்வு இருக்கிறதா? ஆட்டம் முடிந்தபின் மிச்சக் காற்றைக் கையால் திறந்துவிட வழியுண்டா? ஒரே பொத்தானில் கைதவறிப் பட்டால் சுட்டுவிடாதா? குழாய் தாழ்ந்து எதிரில் நிற்பவர் முகத்திற்கு நேரே வராதபடி தடுப்பு உண்டா?

"சட்டைதானே, என்ன செய்துவிடும்?" என்பது வீண் பேச்சு. 2018-ல் ஹூஸ்டன் நகரப் பேஸ்பால் மைதானத்தில் இப்படி வீசிய சட்டை பட்டு விரல் முறிந்ததென்று ஒரு பெண் 2019-ல் வழக்குத் தொடுத்தார்.

குற்றஞ் சொல்லுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வயதும் பட்டமும் காரணமாக மாட்டா. குற்றம் எது, அதனால் என்ன ஆகும், எப்படித் திருத்தலாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளை அதைவிட நல்ல காரணம் காட்டினால், வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளுங்கள். அந்த ஒப்புதலைப் பார்த்துத்தான், யார் சொன்னாலும் காரணம் கேட்கலாம் என்னும் துணிவு பிள்ளைக்கு வரும். யந்திரத்தைவிட அத்துணிவு பெரிது என்பது நமது அபிப்பிராயம்.