ஏரி வாரியம் கணக்குக் காட்டட்டும்



உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியிற் படிக்கின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கு மட்டுமே அக்குடத்தில் இடமிருந்தது. பெண்களுக்கும் சேற்றில் உழைத்தவர்களுக்கும் இல்லை. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சிக்கு நிகராகப் பேசுவது மிகையே. ஆயினும் அதில் ஒரு விதி என் உள்ளத்தைத் தொடுகின்றது. ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாது போனவனின் பெயர் மீண்டும் குடத்தில் விழலாகாது. அவன் மட்டுமல்லன், அவன் தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன் ஆகியோர் பெயரும் விழலாகாது. (இவ்விதி இன்று நடப்பில் இருக்குமாயின் நம் சட்டமன்றங்களில் எத்தனை நாற்காலிகள் வெறுமையாகும் என்பதை வாசகரே எண்ணிக்கொள்க.)

2020ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் நரேந்திர மோதி, இக்கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். நம் ஊரார் மகிழ்ந்தனர். அதே பிரதமர் 2014 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் நாளில், காலநிலை மாற்றம் பற்றி மாணவர் ஒருவர் வினவியபோது அளித்த விடை வேறு வகையானது. காலநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்றார். முதியோர் ஆண்டுதோறும் குளிர் மிகுந்துவிட்டது என்பர். உண்மையில் குறைந்தது அவர்களது தாங்கும் ஆற்றலே என்று உவமையும் கூறினார். இத்தனைக்கும் அவர் குஜராத் முதலமைச்சராக இருந்தபோது காலநிலை மாற்றம் பற்றியே ஒரு நூல் வெளியிட்டவர். அடுத்த ஆண்டே பாரிசில் நடந்த உலக மாநாட்டில் சூரிய ஆற்றலுக்கான பன்னாட்டுக் கூட்டணியைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அவர் உள்ளத்தில் உள்ளது எது என்று ஆராய்வது நம் வேலையன்று.

திண்ணையில் அமர்ந்த பெரியவர், "அந்தக் காலத்திலும் வெயில் இப்படித்தான் காய்ந்தது" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதனால் யாருடைய பயிரும் கருகாது. மதகைத் திறக்கவும் அடைக்கவும் அதிகாரம் பெற்றவன் அவ்வாறு சொல்லிக் கரையைப் பாராமல் இருந்தாலோ, ஆயக்கட்டு முழுவதும் அல்லற்படும்.

இத்தகையோர் வேற்று நாடுகளிலும் உளர். 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபையில் ஜேம்ஸ் இன்ஹோப் என்னும் உறுப்பினர் ஒரு பனிக்கட்டி உருண்டையுடன் வந்தார். வெளியே இத்துணைக் குளிர் இருக்கப் புவி சூடேறுகிறது என்பது எவ்வாறு என்று கேட்டு, அவ்வுருண்டையை அவைத்தலைவர் இருக்கைப் பக்கம் எறிந்தார். அவர் அப்போது அச்சபையின் சுற்றுச்சூழல் குழுவுக்கே தலைவர்! 2025 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பேசிய அதிபர் டிரம்ப், காலநிலை மாற்றத்தை உலகின் மாபெரும் மோசடி என்றே சாடினார். ஒரு நாள் குளிரைக் காட்டிப் புவி வெப்பத்தை மறுப்பது, ஒரு நாள் பெய்த மழையைக் காட்டி ஏரி நிரம்பிவிட்டது என்பதற்கு ஒப்பாகும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் கரியமில வாயு பெருகி வெப்பத்தைச் சிறைப்படுத்துகின்றது. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. சூடேறிய காற்று, ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கவல்லது. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் நாள்கள் மிகும். பெய்யாத நாள்களில் மண்ணின் ஈரம் விரைந்து வற்றும். வானம் பார்த்த ஏரிப் பாசனத்துக்கு இவ்விரண்டுமே கேடு. 2015இல் நம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2019இல் சென்னைக்குச் சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்தது.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். 2015ஆம் ஆண்டுப் பெருமழையை ஆராய்ந்த அறிவியலார், அதிற் புவி வெப்பத்தின் கை இருந்ததென்று உறுதிசெய்ய இயலவில்லை என்றே எழுதினர். அவ்வெள்ளத்தை வரலாறு காணாத மழையின்மேற் சாற்றி அமைதி கொண்டோர் உண்டு. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையோ, செம்பரம்பாக்கம் ஏரி நீர் திறக்கப்பட்ட முறையைக் குறைகூறி, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றது. இங்கே ஒரு விந்தையைக் காண்க. ஆணை பிறப்பிக்கும் நாளில் இயற்கை மாறவில்லை என்பர். வெள்ளம் வந்த நாளில் எல்லாம் இயற்கையின் சீற்றம் என்பர். இரண்டிலும் கணக்குக் கேட்பார் இல்லை.

நாம் உற்று நோக்கவேண்டியது பேச்சைக் காட்டிலும் அரசிதழை. 2020 மார்ச்சில் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. அனுமதியின்றித் தொடங்கிய ஆலைக்குப் பின்னர் அனுமதி தரவும், மக்கள் கருத்துரைக்கும் காலத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கவும் அதில் இடமிருந்தது. அவ்வரைவு முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. அவ்வாண்டு ஜூனில் டெல்லி உயர்நீதிமன்றம், அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் தருக என ஆணையிட வேண்டியதாயிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டோ, ஊரார் மொழியிலேயே, ஊரார் கண்முன், சுவரில் இருந்தது.

மாநில அரசையும் விட்டுவிடலாகாது. 2022இல் இங்கே ஆண்டோர் காலநிலை மாற்றத்தை மறுக்கவில்லை; அவ்வாண்டில் அதற்கெனத் தனி இயக்கமே தொடங்கினர். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் நம் மாவட்டத்துப் பரந்தூரில், ஏரிகளும் குளங்களும் நஞ்சையும் அடங்கிய பெரும் பரப்பு விமான நிலையத்துக்கென அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில், நீர்நிலைகள் உள்ளடங்கிய நிலங்களையும் பெருந்திட்டங்களுக்கென ஒருங்கிணைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஏகனாபுரம் கிராம சபை விமான நிலையத்தை எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் இயற்றியது. வாயால் மறுப்பவனுக்கும், வாயால் ஒப்புக்கொண்டு ஏரியின்மேற் கோடு கிழிப்பவனுக்கும் என்ன வேற்றுமை என்று அவ்வூர் உழவர் கேட்டால், அவர்களுக்கு நான் சொல்லத்தக்க விடை ஒன்றுமில்லை.

மறுப்போர் நம் திருச்சபையினுள்ளும் உளர். மறைந்த திருத்தந்தை பிரான்சிசு 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்ட மடலில் இதனை மறைக்காது சுட்டிக்காட்டினார். "எல்லாம் கடவுள் செயல், நாம் என்ன செய்ய இயலும்?" என்று நம் வீடுகளிற் கேட்கும் குரலும் அவ்வகையே. அது பக்தியன்று, சோம்பல்.

ஆண்டுக்கு ஆறு முறை நம் ஊராட்சிகளிற் கிராம சபை கூடுகின்றது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், அவற்றுள் ஒன்று. (உத்திரமேரூர் பேரூராட்சி ஆதலால் அங்கே கிராம சபை இல்லை, சுற்றியுள்ள சிற்றூரார்க்கே இதனைச் சொல்கின்றேன்.) அடுத்த கூட்டத்துக்குச் செல்வோர், வருவாய்க் கணக்கில் நம் ஏரியின் பரப்பு எவ்வளவு, இன்று அளந்தால் எவ்வளவு, வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டுள்ளது, கலங்கல் இறுதியாக எந்த ஆண்டு பழுது பார்க்கப்பட்டது என்று கேட்டு, விடையைத் தீர்மான ஏட்டில் எழுதச் செய்யுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடமும் இவற்றையே கேளுங்கள். ஏட்டின் படியொன்றை எனக்கு அனுப்புவீர்களாயின், அடுத்த இதழிற் பேசுவோம்.