பெயர் போட்டவர் படித்தாரா?

அன்று மாலை எல்ஆர்டியில் நின்றுகொண்டிருந்தபோது கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மருத்துவ ஆய்விதழ் ஒன்றின் கணினி தானாக அனுப்பியது. "இந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக உங்கள் பெயர் தரப்பட்டுள்ளது. இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் அளித்துள்ளீர்கள் என்பதை உறுதிப்படுத்துங்கள்" என்று கேட்டிருந்தார்கள். கீழே ஒரு பொத்தான். அடுத்த நிலையம் மஸ்ஜிட் ஜாமெக். இறங்குவதற்குள் அழுத்திவிட்டேன்.

கட்டுரையை நான் படித்திருக்கவில்லை.

என் பங்கு சிறியது. கிளினிக் ஒன்றில் நீரிழிவு நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டி வயது, சர்க்கரை அளவு, பாதப் புண் உண்டா, புகைப்பழக்கம் உண்டா என்ற விவரங்களை எக்செல் அட்டவணையில் ஏற்றியது மட்டும்தான். பல்கலைக்கழக விடுமுறையில் 2 மாத வேலை. முதுகலை படிக்கும் அக்கா ஒருவர் புள்ளியியல் கணக்குகளைப் போட்டார். மேற்பார்வையாளரான டாக்டர் கட்டுரையை எழுதினார். ஆசிரியர்கள் மொத்தம் 7 பேர், என் பெயர் ஐந்தாவது. வீட்டில் சொன்னதும் அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார். பினாங்கு மாமா வாழ்த்துப் பூங்கொத்துப் படமெல்லாம் அனுப்பினார்.

மகிழ்ச்சி 2 நாள் நீடித்தது. மூன்றாம் நாள் வகுப்பில் நான் படைக்க வேண்டியிருந்த தலைப்பு, சர்ஜிஸ்ஃபியர் விவகாரம்.

கோவிட் காலத்தில் நாம் இடைநிலைப்பள்ளி மாணவர்கள். வீட்டில் அடைந்து கிடந்த அந்த மே மாதம், 2020 மே 22-ஆம் தேதி, லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 6 கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் கொடுக்கப்பட்ட கோவிட் நோயாளிகள் கூடுதலாக இறக்கிறார்கள் என்றது அது. 3 நாளில், உலகச் சுகாதார நிறுவனம் தன் பெரும் பரிசோதனையில் அந்த மருந்தைக் கொடுக்கும் பகுதியைத் தற்காலிகமாக நிறுத்தியது.

பிறகு சிலர் எண்களைக் கூட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவின் 5 மருத்துவமனைகளில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. ஆனால் அந்தத் தேதிவரை ஆஸ்திரேலியா முழுவதற்குமே பதிவான கோவிட் இறப்பு 67-தான். ஒரு நாட்டின் மொத்தத்தைவிட அதன் 5 மருத்துவமனைகளில் அதிகம் பேர் எப்படி இறக்க முடியும்? தரவைத் திரட்டிய நிறுவனம் சர்ஜிஸ்ஃபியர். அதன் நிறுவனரும் கட்டுரையின் 4 ஆசிரியர்களில் ஒருவர். மூலத் தரவை வெளியாரின் தணிக்கைக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது நிறுவனம் மறுத்துவிட்டது. ஜூன் 4-ஆம் தேதி மற்ற 3 ஆசிரியர்களும் கட்டுரையை மீட்டுக்கொண்டார்கள். அதே நிறுவனத்தின் தரவை வைத்து 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட இன்னொரு கட்டுரையும் அன்றே போனது.

மருத்துவ உலகில் பெயர் பெற்ற 2 இதழ்கள். ஒரே நாள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தரவு கொடுத்த நிறுவனத்தைத்தான் திட்டுகிறார்கள். எனக்கு உறுத்தியது அந்த 3 பேர். மூலத் தரவை அவர்கள் பார்த்திருக்கவில்லை. பார்க்காமலே பெயரைப் போட்டார்கள். படைப்பின் கடைசி ஸ்லைடில் இதைக் கொஞ்சம் சூடாகவே எழுதியிருந்தேன். வகுப்பில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மஸ்ஜிட் ஜாமெக் ஞாபகம் வந்தது.

ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் என்றால் யார்? மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் அனைத்துலகக் குழு ஒன்று உண்டு. 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய சில பதிப்பாசிரியர்களிடமிருந்து தொடங்கியது. இன்று மருத்துவ இதழ்கள் பலவும் அதன் விதிகளைத்தான் பின்பற்றுகின்றன. அவ்விதிப்படி ஆசிரியர் 4 நிபந்தனைகளையும் நிறைவு செய்ய வேண்டும். ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவு திரட்டுவதிலோ, அலசுவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது ஊன்றிப் படித்துத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். நாளை யாராவது சந்தேகம் எழுப்பினால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் அவர் ஆசிரியர் இல்லை. நன்றியுரையில் பெயர் போடலாம், அவ்வளவுதான்.

மாணவர்களுக்கு இதே விதியில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது. தரவு திரட்டுவதில் கணிசமாக உழைத்த ஒருவரை, வரைவைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, "நீ திருத்தவில்லையே, ஆகவே நீ ஆசிரியர் இல்லை" என்று கழற்றிவிடக் கூடாது. வரைவைப் படிக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். ஆகவே "எனக்கும் வரைவை அனுப்புங்கள் டாக்டர்" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. எனக்கோ கேட்காமலே அனுப்பியிருந்தார்கள். மின்னஞ்சலில் 9 நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது.

இதெல்லாம் சம்பிரதாயம்தானே, நாம் படித்தால் என்ன மாறிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஐவர்மெக்டின் கதை பதில் சொல்லும். அது ஒட்டுண்ணி நோய்களுக்கான மாத்திரை. கோவிட்டுக்கும் கேட்கும் என்று நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றி வந்தது. அந்த நம்பிக்கைக்குத் தீனி போட்டவற்றுள் ஒன்று, எகிப்திலிருந்து 2020 நவம்பரில் 'ரிசர்ச் ஸ்குவேர்' தளத்தில் ஏற்றப்பட்ட ஆய்வு. துறை வல்லுநர்கள் மதிப்பிடும் முன்பே பொதுப்பார்வைக்கு வைக்கப்படும் முன்வெளியீடு அது. மாத்திரை இறப்பை வெகுவாகக் குறைக்கிறது என்றது.

லண்டனில் முதுகலை படித்துக்கொண்டிருந்த ஜேக் லாரன்ஸ் என்ற மாணவருக்கு அந்த ஆய்வு வகுப்பு இடுபணியாக வந்தது. முன்னுரையைப் படிக்கும்போதே நடை இடறியிருக்கிறது. தேடிப் பார்த்தால் பத்தி பத்தியாகப் பிற இடங்களிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். மூலத் தரவுக் கோப்பு கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தது. அவர் ஊகித்துப் போட்ட 1234 என்ற எண்ணுக்கே திறந்துகொண்டது! உள்ளே பார்த்தால், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே இறந்துபோனவர்கள் சிலர் ஆய்வில் பங்கேற்ற நோயாளிகளாக இருந்தார்கள். 2021 ஜூலையில் அந்த ஆய்வு தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் அதை நம்பி, பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் கட்டுரைகளிலும் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

அதே 2021-இல், மே இறுதியிலிருந்து அக்டோபர் வரை, நம் நாட்டின் 20 அரசு மருத்துவமனைகளிலும் ஒரு கோவிட் மையத்திலும் இதே மாத்திரையைச் சோதித்தார்கள். இணை நோய்கள் உள்ள, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 490 நோயாளிகள். லான்செட் கட்டுரையின் 96 ஆயிரத்துக்கு முன்னால் இது ஒன்றுமில்லாத எண். ஆனால் இந்த 490 பேரும் உண்மையிலேயே கட்டிலில் படுத்திருந்தவர்கள். மாத்திரை பெற்ற 241 பேரில் 52 பேருக்கு, அதாவது 21.6 விழுக்காட்டினருக்கு, நோய் தீவிரமானது. பெறாத 249 பேரில் 43 பேருக்கு, 17.3 விழுக்காடு. நோய் தீவிரமாவதை மாத்திரை தடுக்கவில்லை என்ற முடிவுடன் 2022 பிப்ரவரியில் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் அது வெளிவந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இறப்பு எண்ணிக்கையைப் பார்த்தால் மாத்திரை பெற்றவர்களில் 3 பேர், பெறாதவர்களில் 10 பேர். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு மாத்திரைக்குச் சாதகமாகத் தோன்றும் எண். தங்கள் முடிவுக்கு இடைஞ்சல் என்று அதை எங்கோ மூலையில் ஒதுக்கவில்லை. கட்டுரைச் சுருக்கத்திலேயே போட்டு, புள்ளியியல்படி இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதையும் காட்டிவிட்டார்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும் என்று 2005 முதல் அந்தப் பதிப்பாசிரியர் குழு கட்டாயமாக்கியிருப்பதும் இதற்காகத்தான். பந்து விழுந்த இடத்தில் கோல் கம்பத்தை நடுவதற்கு வழி இல்லை.

இத்தனை கட்டுப்பாடு இருந்தும் நிலைமை மோசமாகிக்கொண்டுதான் வருகிறது. 2023-இல் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் அதிகமான ஆய்வுக் கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அவற்றில் 8,000-க்கும் மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. காசுக்குக் கட்டுரை தயாரித்து ஆசிரியர் இடங்களை விற்கும் 'கட்டுரை ஆலைகள்' மொத்தமாக உள்ளே புகுந்திருந்தன. அதை வாங்கியிருந்த வைலி நிறுவனம் ஹிந்தாவி என்ற பெயரையே கைவிடுவதாக அறிவித்தது. வாங்க ஆளிருப்பதால்தான் விற்கிறார்கள். வேலை உயர்வுக்கும் மேற்படிப்புக்கும் "எத்தனை கட்டுரை?" என்று எண்ணிக்கையைக் கேட்கும் வரை அந்தக் கடைக்கு வாடிக்கையாளர் குறையமாட்டார்கள். கேட்பவர்கள் ஒரு கட்டுரையையாவது படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாமே என்பது என் ஆதங்கம்.

கட்டுரை இன்னும் வெளிவராத எனக்கே அழைப்பு வந்திருக்கிறது. "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று தொடங்கி, கண் மருத்துவத்தில் என் சிறப்பான பங்களிப்பைப் பாராட்டி, 5 நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் இவ்வளவு டாலர் என்று முடிந்தது. கண் மருத்துவத்தில் என் பங்களிப்பு, கண்ணாடி அணிவது. இப்படிப்பட்ட இதழ்களின் தரத்தை அறிய 2013-இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹன்னன் என்ற செய்தியாளர் ஒரு காரியம் செய்தார். வேதியியல் படித்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய பிழைகளை வைத்து ஒரு பொய்க் கட்டுரை எழுதி, கட்டணம் வாங்கி இலவசமாகப் படிக்கத் தரும் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டணம் கேட்கும் இதழெல்லாம் போலி என்று இதற்குப் பொருளில்லை. பெயர் பெற்ற இதழ்களும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கின்றன. யாராவது உண்மையில் படித்தார்களா என்பதுதான் இங்கும் கேள்வி.

செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஓர் இதழில் எலியின் படம் ஒன்று வந்தது. உறுப்பு பூதாகாரமாக, பக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். இயந்திரம் வரைந்த படம். மதிப்பாய்வாளர்களையும் பதிப்பாசிரியரையும் தாண்டி அச்சேறியது, வாசகர்கள் சிரித்தபின் நீக்கப்பட்டது. சாட்ஜிபிடி போன்றவற்றை ஆசிரியராகப் போட முடியாது என்று 2023-லேயே அந்தப் பதிப்பாசிரியர் குழு சொல்லிவிட்டது. தவறு நேர்ந்தால் அவை பதில் சொல்லப் பொறுப்பேற்க முடியாது என்பதே காரணம். கட்டுரை எழுதுவதில் உதவிக்குப் பயன்படுத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் படிக்காமல் பொத்தானை அழுத்திய எனக்கும் அந்த இயந்திரத்துக்கும் அன்று என்ன வித்தியாசம்?

வகுப்பு முடிந்த அன்றிரவு வரைவைத் திறந்தேன். இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "214 நோயாளிகள்" என்றிருந்தது. கோப்புகளைப் பார்க்கும்போது ஒவ்வொரு பதிவெண்ணையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பேன். அந்த நோட்டு 212-இல் முடிகிறது.

எக்செல் அட்டவணையில் வரி வரியாகத் தேடியதில் விடிந்துவிட்டது. பாதப் புண் உள்ளவர்கள் அடிக்கடி வருவதால் அவர்களின் கோப்பு தடிமனாகிவிடும். கிளினிக்கில் அதை 2 தொகுதியாகப் பிரித்துக் கட்டியிருப்பார்கள். அப்படி 2 நோயாளிகளின் இரண்டாம் தொகுதியை நான் வேறு ஆளென்று நினைத்து மறுபடி ஏற்றியிருக்கிறேன். இருவரும் புகைப்பவர்கள்.

காலையில் அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, ரெண்டு பேரை ரெண்டு தடவ ஏத்திட்டேன்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "யார் யாருன்னு பதிவெண் அனுப்பு" என்றார்.

மதியம் அவர் மறுபடி கணக்குப் போட்டார். புகைப்பழக்கத்துக்கும் பாதப் புண்ணுக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டிய பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தது, இப்போது மேலே ஏறிவிட்டது. கட்டுரைச் சுருக்கத்தின் கடைசி வாக்கியம் அந்தத் தொடர்பைப் பற்றியதுதான். இருக்கிறதிலேயே கவனத்தை ஈர்க்கும் வாக்கியமும் அதுதான். புகைப்பது காலுக்கு நல்லது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் எங்கள் 212 பேரை வைத்து அந்த வாக்கியத்தை எழுத முடியாது.

டாக்டரிடம் சொல்லப் போகும்போது கை சில்லிட்டிருந்தது. அவர் நோட்டை வாங்கிப் புரட்டினார், அக்காவின் கணக்கைப் பார்த்தார், ஆய்விதழ் அலுவலகத்துக்கு எழுதிக் கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி வாங்கச் சொன்னார். "எல்லாக் கோப்பையும் இன்னொரு ஆள் ஒருமுறை சரிபார்த்திருக்கணும், அது என் தப்பு" என்றார். அதன்பின் நானும் அக்காவும் 212 கோப்புகளையும் மறுபடி பார்த்தோம், நான் வாசிக்க அவர் திரையில் சரிபார்க்க. மூன்றரை வாரம் ஆனது. வேறு 11 சில்லறைப் பிழைகள் கிடைத்தன. எல்லாம் என் கைவண்ணம்.

திருத்திய வரைவு 7 பேருக்கும் போனது. சிலரிடமிருந்து 5 நிமிடத்தில் "ஒப்புதல்" என்று பதில் வந்தது. எனக்கு 2 இரவு பிடித்தது. புரியாத 2 புள்ளியியல் பத்திகளை அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். ஆய்விதழிலிருந்து அதே மின்னஞ்சல் மறுபடி வந்தபோது வீட்டில் மேசையில் இருந்தேன். அழுத்தினேன்.

இதழின் முடிவு இன்னும் வரவில்லை. பினாங்கு மாமா மட்டும் வாரம் ஒருமுறை, "உன் கட்டுரை எப்ப பேப்பர்ல வருது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.