படகில் ஓர் இல்லறம்

இல்லறம் நடத்துதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? மனம் ஒத்திருப்பின் குடிசையும் மாளிகையே என்று எம் ஊராகிய புளியங்குடியில் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். அம்மொழி மெய்யே, ஆயினும் முழு மெய் அன்று என்பதே எமது கருத்து. மழையை நம்பிய குளங்களையன்றிப் படகோடும் கால்வாயொன்றையும் காணாத ஊரினேம் யாம். எனினும், இக்கருத்தை விளக்குதற்கு இங்கிலாந்து தேசத்துக் கால்வாய்ப் படகு வாழ்க்கையினும் தக்க சான்று எமக்குப் புலப்படவில்லை.

அத்தேசத்தின் நடுப்பகுதியில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெட்டப்பெற்ற கால்வாய்கள் பல. அவை மேடு பள்ளங்களைக் கடக்கும் இடங்களில், நீரை ஏற்றியும் இறக்கியும் படகைச் செலுத்துங் கதவடைப்புக்கள் உண்டு. அவற்றின் அகலம் சுமார் 7 அடியே. ஆதலின் படகும் 7 அடிக்கு மேல் அகலுதல் இயலாது. நீளமோ 70 அடி வரை செல்லும்.

1939-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ரோல்ட் என்னும் பொறியியலாளர், தாம் புதிதாக மணந்த ஆஞ்செலா அம்மையாருடன் 'கிரெஸ்ஸி' என்னும் இத்தகைய படகிலேறிப் பான்பரி நகரினின்றும் புறப்பட்டார். குளிக்குந் தொட்டி முதலிய வசதிகளை அதனுள் அமைத்துக்கொண்டு, அதனையே வீடாக்கி வாழ்ந்தனர் அத்தம்பதிகள். அப்பிரயாணத்தைக் குறித்து அவர் எழுதிய நூல் 1944-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அழிந்துவந்த கால்வாய்களைக் காக்க 1946-இல் ஒரு சங்கம் தோன்றுதற்கும் அந்நூல் வழிகோலிற்று. அதனைப் படித்தோர் பலர், படகு வாழ்க்கையே பேரின்ப வாழ்க்கையென மயங்கினர். ஆனால் 1951-இல் அவ்விருவரும் பிரிந்தனர். அவரவர் விரும்பிய வழியே சென்றனர். புகுதற்கும் நீங்குதற்கும் அவர்கட்கு உரிமை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. அதே கால்வாய்களில் தலைமுறை தலைமுறையாய்ச் சரக்கேற்றிச் சென்ற குடும்பங்களின் நிலை யாது? 19-ஆம் நூற்றாண்டில் புகைவண்டி போட்டிக்கு வரவே, படகுக் கூலி வீழ்ந்தது. கரையில் வீட்டு வாடகை கொடுக்கவும், உடன் உழைக்க ஆள் அமர்த்தவும் இயலாத படகோட்டிகள் பலர், மனைவி மக்களைப் படகிற்கே கொணர்ந்தனர். நிலக்கரியும் பிறவும் படகை நிறைக்க, பின்புறத்தே சுமார் 10 அடி நீளமுள்ள சிற்றறையே வீடாயிற்று. அடுப்பும், மடக்குக் கட்டிலும், அலமாரியும், குழந்தைகளும் அதனுள்ளேயே. மனைவி சமைத்தாள், சுக்கான் பிடித்தாள், அடைப்புக் கதவுகளைத் தள்ளித் திறந்தாள். ஆயின் கூலியோ சரக்கின் அளவிற்குக் கணவன் கையிற் கொடுக்கப்பட்டது. அவளுக்கென ஒரு காசும் தனியே இல்லை. ஓரிடத்தும் தங்காமையால் பிள்ளைகள் எழுத்தறியாது வளர்ந்தனர். கோல்வில் ஊரினராகிய ஜார்ஜ் ஸ்மித் என்பார் இக்கொடுமையை எடுத்துரைத்துப் பெரிதும் முயன்றதன் பயனாக 1877-இலும் 1884-இலும் சட்டங்கள் பிறந்தன. படகுகள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒரு படகில் இத்தனை பேரே வசிக்கலாம், பிள்ளைகளின் கல்வி கவனிக்கப்பட வேண்டும் என்பன அவற்றின் நோக்கங்கள்.

அறை சிறிதாயினமை இரு திறத்தார்க்கும் பொதுவே. ஒரு திறத்தார் அதனை விரும்பி ஏற்றனர். மற்றவர்க்கோ அது வறுமையால் வந்தது. முன்னதைப் புகழ்ந்த வாயால் பின்னதையும் புகழ்வோமாயின், வறியோர் துன்பத்திற்கு அணிகலன் பூட்டியவராவோம்.

இதனை நெடுந்தூரத்துக் கதையென்று தள்ளிவிடலாகாது. சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்துத் தறி வீடுகளை நோக்குமின். எம் தெருவில் ஒரு வீட்டிற் பாதியைத் தறியே கொண்டது. எஞ்சிய பாதியிற் சமையல், படுக்கை, பிள்ளைகளின் பாடம் எல்லாம் நடந்தன. கணவர் நெய்வார், அவர் மனைவியார் விடியுமுன் எழுந்து தார் சுற்றுவார். அவர் கை ஓய்ந்தால் தறியும் ஓயும். எனினும் கூலிப் புத்தகத்தில் அவர் பெயரை யாம் கண்டதில்லை. "எவ்வளவு ஒற்றுமையான குடும்பம்!" என்று வியந்தவருள் யாமும் ஒருவரே. அவ்வியப்பு இன்று எமக்கு நாணத்தைத் தருகின்றது.

கணவன் மனைவியரிடையே கடைக்கணக்குப் பார்த்தல் தகுமோ என்று சிலர் வினவலாம். அன்புடையார் தம்முட் கணக்குப் பாராதிருக்கலாம். கூலி கொடுப்போன் பாராதிருத்தல் எங்ஙனம் நீதியாகும்? இருவர் உழைப்பைப் பெற்று ஒருவர் பெயரை மட்டும் எழுதுதல் அன்பன்று, ஆதாயமே.

இன்றும் பிரிட்டனில், வீட்டு வாடகை மிகுதியால் படகிற் குடியேறுவோர் உளர். நிலையான துறையில்லாத படகு, ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் பொதுவாகத் தங்கலாகாது என்பது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி செல்லும் பிள்ளைகளையுடையோர்க்கு அது எத்துணை இடர் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நும் ஊர்க்குச் செல்லுங்கால், சிறு வீடுகளைக் கண்டு அவற்றின் எளிமையைப் பாராட்டுமுன், உள்ளே இருப்பவரை, சிறப்பாகத் தாய்மாரை, வினவுமின்: இவ்விடத்தை நீங்கள் விரும்பினீர்களோ? உங்கள் உழைப்பு எவர் கணக்கில் எழுதப்படுகின்றது? கூலிப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நீங்களே. முதலில் அதனை வாசித்துக் காட்டுமின்.