எதிர்வீட்டாரின் பண்டிகை, நம் வீட்டு மேஜை



சூளூர்பேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அயலாரின் பண்டிகை புதிதன்று. சங்கராந்தி வந்தால் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டார் அரிசெலு செய்வர். நாம் அதிரசம் என்பதும் அதுவே. கிறிஸ்துமஸ் வந்தால் நம் வீட்டுக் கேக் அவர்கள் வீட்டுக்குச் செல்லும். மொழி வேறு, வழிபாடு வேறு. ஆயினும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

இத்தகைய ஊரிலிருந்து வேலைக்காகச் சிங்கப்பூர் செல்லும் நம் பிள்ளைகள் அங்கே கதவை அடைத்துக்கொள்வது ஏன்? அந்நாட்டின் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஏறக்குறைய நான்கில் மூவர் சீனர். அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எல்லா இனத்தாரும் கலந்து வாழும்படி 1989-இல் இன விகிதம் வகுக்கப்பட்டது. ஆகவே எதிர்வீடு பெரும்பாலும் சீனர் வீடாகவே இருக்கும். மின்தூக்கியில் புன்னகைப்பதோடு உறவு நின்றுவிடலாகாது.

அந்தக் கதவைத் தட்ட ஏற்ற காலம் சீனப் புத்தாண்டு. அது ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே வந்து, 15 நாட்கள் நீடிக்கும். முந்தின இரவு குடும்பத்தார் மட்டும் கூடி உண்பது வழக்கமாதலால் அன்று அவர்களை அழைக்காதீர்கள். முதலிரண்டு நாட்கள் உறவினரைக் காணச் செல்வர். அதன்பின் ஒரு மாலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விருந்தினர் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் நீட்டுவர். அவ்வாறே பெற்றுக்கொண்டு, விடைபெறும்போது வேறு இரண்டைக் கொடுத்தனுப்புங்கள். கன்டோனீய மொழியில் அப்பழத்தின் பெயரும் பொன்னின் பெயரும் ஒன்றாகவே ஒலிக்கும். மீனின் பெயரோ மிகுதியைக் குறிக்கும் சொல்லைப்போல் ஒலிக்கும். ஆகவே ஒரு மீனைத் தலையும் வாலும் நீக்காமல் முழுதாகச் சமையுங்கள். பழவேற்காட்டு ஏரி மீன் உண்டு வளர்ந்தவர்களுக்கு இது கடினமோ? மாட்டிறைச்சி உண்ணாத சீனரும் உண்டு, முன்னரே கேட்டறியுங்கள்.

அவர்கள் பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் சிறு தொகை கொடுங்கள். நம் ஊரில் மொய் 101, 501 என்று வைப்போம். அங்கே இரட்டைப்படையே வழக்கம். நான்கு மட்டும் ஆகாது. அதன் ஒலி மரணத்தை நினைப்பூட்டும். கடிகாரத்தையும் பரிசாகக் கொடாதீர்கள். கறுப்பு உடையைத் தவிருங்கள். இவ்வெண்களிலும் ஒலிகளிலும் நமக்கு நம்பிக்கையில்லை. ஆயினும் வந்தவர் மனம் நோகாதிருப்பது உபசரிப்பின் முதற்பாடம் அல்லவா?

"இது விசுவாசிக்குத் தகுமா?" என்று சிலர் கலங்கக்கூடும். அவிசுவாசியின் விருந்துக்குச் செல்வதைப் பவுல் தடுக்கவில்லை. படைக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்டதை மட்டும் உண்ண வேண்டாம் என்கிறார். 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். நம் வீட்டு மேஜையிலோ படையல் இல்லை. சமைப்பவரும் நாமே, ஜெபித்துப் பரிமாறுபவரும் நாமே.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2021-இல் கொள்ளைநோயின் நிமித்தம், சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு எட்டு விருந்தினர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் பெற்றோர் இருந்தும், எல்லை அடைபட்டதால் அவர்களைக் காணக்கூடாமல் பண்டிகையைக் கழித்தோர் அநேகர். தடைகள் நீங்கிய பின்னும், சீனாவிலிருந்து வந்து தனியே தங்கிப் படிக்கிறவர்களும் உழைக்கிறவர்களும் அங்கே உண்டு. குடும்பமாய்க் கூடி உண்ணும் அந்த இரவில் அவர்களுக்கு மேஜை இல்லை. முந்தின இரவில் நீங்கள் தயங்காமல் அழைக்கக்கூடியவர்கள் அவர்களே. அந்நிய தேசத்தில் தனித்திருக்கும் வேதனை நமக்குத் தெரியாததா?

சூளூர்பேட்டையில் இருக்கும் பெற்றோரே, அடுத்த முறை பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "உன் எதிர்வீட்டார் பெயர் என்ன?" என்றும் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், வருகிற புத்தாண்டுக்கு முன் அதை அறிந்துவரச் சொல்லுங்கள்.