கையொப்பத்தில் இல்லாத மக்கள்

ஒரு நாட்டினுள் மூளும் படைக்கலப் போரை ‘உள்நாட்டுச் சிக்கல்’ என்று மறைப்பது ஆள்வோர் வழக்கம். அக்கூற்று எத்துணைப் பொய் என்பதற்கு மதுரைச் சமவெளியே சான்று. 1983 சூலைப் படுகொலைக்குப் பின் அலையலையாய்க் கடல் கடந்து வந்த ஈழத்தமிழருள் ஒருசாரார் ஆனையூரிலும், உச்சப்பட்டியிலும், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரிலும் இன்றளவும் ஏதிலியராகவே வாழ்கின்றனர். கொழும்பு மூட்டிய தீ வைகைக்கரை வரை வந்தபின், அஃது உள்வீட்டுச் சண்டையாதல் எங்ஙனம்? 1986 மே 4-இல் மதுரையில் கூடிய தமிழீழ ஆதரவாளர் மாநாட்டிற்கு வாச்பாயி, இராமாராவ் முதலிய தமிழரல்லாத தலைவர்களும் வந்தது அதனாலன்றோ?

1987 சூன் 4-இல் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளை வீசின. இறையாண்மை மீறப்பட்டதெனக் கொழும்பு கொதித்தது. ஐம்பத்தைந்தே நாள்களில் அதே செயவர்த்தனா இராசீவ் காந்தியோடு உடன்பாடு செய்துகொண்டார். அதில் தமிழர் சார்பில் ஒருவர் கையொப்பமும் இல்லை. ஆனால் அதனோடு இணைந்த மடல்களில், திருகோணமலை முதலிய துறைமுகங்களை இந்திய நலனுக்கு மாறாகப் பிறநாட்டார் படைத்தேவைக்குப் பயன்படுத்தவிடுவதில்லை என்னும் உறுதிமொழியைத் தில்லி பெற்றுக்கொண்டது. தமிழர் உரிமை ஒரு தட்டிலும் துறைமுகம் மறுதட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டன.

விளைவு யாது? அமைதி காக்கச் சென்ற படை தமிழரோடே பொருதது. தமிழ்ப் பொதுமக்களும், ஆயிரத்திற்கு மேற்பட்ட இந்தியப் படைமறவரும் மாண்டனர். உடன்பாட்டின்வழி இணைந்த வடக்கையும் கிழக்கையும் 2006-இல் இலங்கை உச்சநீதிமன்றம் பிரித்தது.

தமிழர்க்காக வாய்திறந்தால் கொழும்பு சீனத்தின்பால் சாயும் என்பாருளர். 2014-இல் ஐ.நா. மாந்தவுரிமை மன்றத்தில் இந்தியா வாக்களியாது ஒதுங்கிற்று. 2017-இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்றது. 2021-இல் மீண்டும் ஒதுங்கிற்று. 2022 ஆகத்தில் தில்லியின் கவலையையும் மீறிச் சீனத்தின் யுவான் வாங்-5 கப்பல் அத்துறைமுகத்திற்கே வந்து நின்றது. வாய்மூடிக் காத்த நட்பு துறைமுகத்தையும் காக்கவில்லை, தமிழரையும் காக்கவில்லை.

இழப்பு முழுதும் ஏதிலியர் தலையிலேயே விழுந்தது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்தோருள் சில சமயத்தார்க்கு வழி திறந்தது, ஈழத்தமிழர்க்குத் திறக்கவில்லை. 2021-இல் தமிழக அரசு ஏதிலியர் முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறிற்று, குடியுரிமை வரவில்லை. இம்மண்ணிலேயே பிறந்து, இங்கேயே கல்வி கற்ற பிள்ளைகளும் எந்நாட்டார் என்ற வினாவிற்கு விடையின்றி நிற்கின்றனர்.

அண்டை நாடுகளின் உறவு இரு தலைநகரங்களின் கைகுலுக்கலன்று. போரால் துன்புற்ற மக்களின் ஒப்புதலே அதற்கு அடித்தளம். ஆகலின் ஈழத்தமிழர் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்தம் சார்பாளர் அமர்தல் வேண்டும். இங்கு வாழ விழைவோர்க்குக் குடியுரிமையும், தாய்மண் திரும்ப விழைவோர்க்குப் பாதுகாப்பும் நிலமும் உறுதி செய்யப்படல் வேண்டும். இவ்விரண்டையும் கேளாத தமிழக அரசியல் எதுவாயினும், தமிழர் அதனை வாக்குச்சீட்டால் வினவுக!