எறும்பின் பெயரைச் சூடிய ஈசர்

திருவெறும்பூர் மலைக்கோயிலின் படிகளை முழங்கால் வலியோடு ஏறிச் செல்லும் அன்பர்கள், மூலவரைத் தரிசிக்கையில் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். லிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருக்கும். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள், எறும்பு வடிவெடுத்து இங்கு வழிபட வந்தனர் என்பது தலபுராணம். வழுவழுப்பான திருமேனியில் ஏற இயலாது அவர்கள் சறுக்கவே, பெருமான் புற்றாக மாறித் தலையையும் சாய்த்துக் கொடுத்தார். வந்தவர்களோ தேவர்கள், ஆயினும் அவர் சூடிக்கொண்டது எறும்பின் பெயரையே. எறும்பீசர் ஆனார்.

நாம் பிறருக்குச் சூட்டும் பெயர்கள் வேறு வகை. உறையூரில் அவதரித்த பாணர், அரங்கத் தீவில் கால் வையாமல் காவிரிக் கரையில் நின்று பாடியவர். தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் கண்டது குலத்தை மட்டுமே, கல்லெறிந்தார். நெற்றியில் குருதி வழிந்தது. அரங்கன் ஆணைப்படி அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குள் வந்தார். அன்று முதல் பாணருக்கு 'முனிவாகனர்' என்றும் ஒரு திருநாமம். அதைச் சொல்லும்போதெல்லாம் சுமந்தவரின் தோளும் நினைவுக்கு வரும். மேல்கோட்டையில் உடையவர் 'திருக்குலத்தார்' என்று பெயரிட்டபோதும், வெறும் பெயரோடு நில்லாமல் கோயிலுக்குள் செல்லும் உரிமையையும் சேர்த்தே அளித்தார் என்பர்.

நல்ல எண்ணத்தில் இட்ட பெயரும் நோகச் செய்வதுண்டு. காந்தியடிகள் 1933இல் 'ஹரிஜன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஹரியின் மக்கள் என்பதில் குறையென்ன என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அச்சொல்லை எதிர்த்து 1938இல் அம்பேத்கர் தம் கட்சியினரோடு பம்பாய்ச் சட்டசபையிலிருந்து வெளியேறினார். அவர்கள் மட்டும் ஹரியின் மக்கள் என்றால் ஏனையோர் யார்? பெயர் மாறியும் கிணறும் தெருவும் மாறவில்லையே! அந்தக் கோபம் நியாயமானது என்றே அடியேனுக்குப் படுகிறது.

ஊரைச் சொல்வானேன்? கோயில் வாசலில் பல ஆண்டுகளாகப் பூ வாங்கும் அம்மாளை அடியேன் 'பூக்காரி' என்றே அழைத்து வந்தேன். அவர் நம்மைவிட மூத்தவர். இந்தப் பிரதோஷத்தன்று பெயரைக் கேட்டேன். "எதுக்கு சாமி இப்போ?" என்று சிரித்தார். இரண்டாம் முறை கேட்ட பின்னரே சொன்னார். அம்பாளின் திருநாமம். மறுநாள் அப்பெயருடன் 'அம்மா' என்பதையும் சேர்த்து அழைக்க முயன்றேன். நாக்கு எழச் சற்று நேரமாயிற்று.